ஜமா தாண்டாத பாதை

எனக்கு வருகிற ஆடியோடு எழுபத்து நான்கு முடிகிறது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. கூடுதலான இரண்டும் என் ஓரகத்தியின் பிள்ளைகள். அவள் மஞ்சள்காமாலையில் போனபோது ஒன்று நடை பழகிக்கொண்டிருந்தது, இன்னொன்றுக்குப் பல் முளைக்கவில்லை. எட்டையும் யார் வீட்டு வாசலிலும் நிற்கவிடாமல் ஆளாக்கினேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் என்னைப் பற்றி நானே அசிங்கமாகச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று வருகிறது. அதைப் படிக்கும்போது இவள் யாரோ வக்கற்றவள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

எழுத்துக் கூட்டக் கற்றது ஐம்பது வயதுக்கு மேல், முதியோர் பள்ளியில். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதுவேன். பிறகு விரல் மரத்துப்போகும். ஆடி முதல் வெள்ளிக்குள் இதை முடித்தாக வேண்டும். அன்றைக்கு எங்கள் அய்யனார் கோயிலில் மறுபடியும் பூக்கட்டிப் பார்க்கப் போகிறார்கள். மிச்சம் இருக்கிற காட்டையும் வெட்டலாமா என்று சாமியைக் கேட்கப் போகிறார்கள். அந்தப் பூவைக் கட்டுகிற கை என்னுடையது.

ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போகிற தார்ச்சாலையிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே வந்தால் எங்கள் ஊர். சுற்றிலும் முந்திரிக்கொல்லை. கொல்லைகளுக்கு நடுவே கோயில் காடு. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. வீரை, உலக்கைப்பாலை, காயா, நாவல் என்று ஒன்றோடு ஒன்று தோளில் கைபோட்டு நிற்கும். மேலே கொடி மூடியிருக்கும். சித்திரை வெயிலிலும் உள்ளே தரை சில்லென்று இருக்கும். அந்தக் காட்டுக்குள் இரும்பு நுழையக் கூடாது. அரிவாள் கூடாது, கத்தி கூடாது, ரவிக்கையில் குத்திய ஊக்கைக்கூட எல்லைக் கல்லில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். செருப்பும் கூடாது. விழுந்த சுள்ளியை எடுக்கலாம், நிற்கிற கிளையைத் தொடக் கூடாது.

கோயில் வரைக்கும் ஆள் போகிற ஒற்றையடிப் பாதையும் கோயில் முன்னால் கொஞ்சம் வெட்டவெளியும் உண்டு. அதைக் கூட்டிப் பெருக்குவது எங்கள் வீட்டுப் பெண்களின் முறை. மாமியாருக்குப் பிறகு எனக்கு வந்தது. நாற்பத்து மூன்று வருஷமாக விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பெருக்குகிறேன். தீட்டு நாள், பிள்ளை பெற்ற நாள் தவிர ஒரு நாள் விட்டதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

பெருக்கி முடித்துத் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு உட்காருவேன். அந்த நேரத்துக்குத்தான் ஜமா வரும். ஜமா என்றால் எங்கள் பக்கத்தில் கூத்துக்குழு. நான் அந்தக் குருவிக் கூட்டத்துக்கு அந்தப் பேரை வைத்திருந்தேன். ஒரே சாதிக் குருவிகள் சேர்ந்து பறப்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். இது அப்படி இல்லை. தவிட்டுக்குருவிகள் கீழே சருகைப் புரட்டிக்கொண்டு சலசலவென்று சண்டை போட்டபடி வரும். அவற்றுக்கு மேலே புதரில் தொண்டை கரகரத்த சின்னான்கள். இன்னும் மேலே, மஞ்சளில் கறுப்பு தீட்டிய, கட்டைவிரல் அளவே உள்ள குருவி இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும். நெருப்பு நிற வயிற்றோடு ஒன்று கிளை நுனியில் உட்காரும். மரங்கொத்தி தண்டில் ஏறும். வால்காக்கை கடைசியில் பெரிய மனுஷன் மாதிரி வரும். எல்லாமே ஒரே திசையில், ஒரே வேகத்தில். தெற்கே நுழைந்து கோயிலைச் சுற்றி வடக்கே போக ஒரு நாழிகை ஆகும். கீழே புரட்டுகிறவர்களுக்குத் தப்பிப் பறக்கிற பூச்சி மேலே இருக்கிறவர்களுக்கு. மேலிருந்து விழுவது கீழே இருப்பவர்களுக்கு.

இதில் கட்டியங்காரன் கரிச்சான், அதுதான் இரட்டைவால் குருவி. கூத்தில் முன்னால் வந்து கட்டியம் சொல்கிற கோமாளி எப்படியோ அப்படி. எல்லாருக்கும் முன்னால் உயரக் கிளையில் உட்கார்ந்து காவல் பார்ப்பான். குருவி பிடிக்கிற வைரிப் பருந்தின் தலை தெரிந்தால் கத்துவான், மொத்த ஜமாவும் இலைக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் திருடன். யாராவது கொழுத்த புழுவைப் பிடித்துவிட்டால், வைரியே வராதபோது வைரி போலவே குரல் கொடுப்பான். பயந்துபோய் அது புழுவைக் கீழே போட்டுவிட்டு ஓடும், இவன் வந்து அள்ளிக்கொள்வான். நான் தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். ஏமாந்தவர்களும் மறுநாள் அவன் பின்னால்தான் வருவார்கள். பத்தில் ஒரு பொய் சொன்னாலும் மிச்சம் ஒன்பதுக்கு அவன் காவல் வேண்டியிருக்கிறதே.

2006-ல் ஒரு பெண் வந்தாள். சிதம்பரத்தில் தங்கி ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறவள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் தூரக்கண்ணாடி, கையில் நோட்டு. எல்லைக் கல்லில் செருப்பைக் கழற்றச் சொன்னேன், கழற்றினாள். பேனாவில் இரும்பு இருக்கிறதா என்று கேட்டேன். திருகிப் பார்த்து, உள்ளே சின்ன ஸ்பிரிங் இருக்கிறது என்று கல்லின் மேல் வைத்துவிட்டு என்னிடம் பென்சில் இருக்கிறதா என்று கேட்டாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"ஆயா, இதுங்க எல்லாம் கலந்து கூட்டமா வருதே, கவனிச்சிருக்கீங்களா?"

"நான் கவனிக்காம உன் மாமியாளா கவனிப்பா?"

"எனக்கு இன்னும் மாமியார் வரலை ஆயா."

"வந்தப்பறம் குருவி பாக்க உடமாட்டா. அதுக்குள்ள பாத்துக்கோ."

வாரத்துக்கு இரண்டு நாள் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். எண்ணுவாள், எழுதுவாள், போய்விடுவாள். இதற்கு முன்னால் இரண்டு வருஷம் மலையில் இதே வேலை செய்திருக்கிறாள். அங்கே மழைக்காடு இருந்ததாம். தேயிலை போடுவதற்காக வெட்டி, பள்ளத்தில் ஒரு துண்டு, ஓடையோரம் ஒரு துண்டு என்று மிச்சம் விட்டிருக்கிறார்கள். பெரிய காட்டில் ஒரு ஜமாவில் எத்தனை சாதி இருக்கிறது என்று எண்ணி முடிப்பதற்குள் கடந்துபோய்விடும் என்றாள். துண்டுக் காட்டிலோ ஒரு கை விரலே ஜாஸ்தி.

"குருவிதான? பறந்து அந்தாண்ட போவ வேண்டிதான" என்று கேட்டேன்.

"போவாது ஆயா. நிழல்லயே பொறந்து நிழல்லயே வளந்ததுங்க. வெட்டவெளி வந்தா ஓரத்துல நின்னு பாத்துட்டு திரும்பிடும். மொதல்ல காணாமப் போறது புதருக்குள்ள இருக்கறதும், மரத்தண்டுல ஏறறதும். அதுங்க போனா கூட்டம் கலைஞ்சிடும். தனித்தனியா திரிஞ்சா காவல் கெடையாது, தீனி தேட நேரம் பத்தாது."

பொழுது போகாமல் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மலைக் குருவி கோழையாக இருக்கும், எங்கள் ஊர்க் குருவி அப்படி இல்லை என்றுகூடச் சொன்னேன். 2008 தொடக்கத்தில் படிப்பு முடிந்து போய்விட்டாள்.

அந்த வருஷம்தான் கும்பாபிஷேகப் பேச்சு எழுந்தது. என் பெரிய மகன் கோயில் கமிட்டியில் முக்கியஸ்தன். ஓடு வேய்ந்திருந்த கோயிலை இடித்துக் கோபுரம் கட்ட வேண்டும், கட்டுவதற்குச் சாமான் வர வேண்டும், கட்டிய பிறகு பெரிய மனுஷர்கள் காரில் வர வேண்டும். அதனால் ஒற்றையடிப் பாதையை ரோடாக்க வேண்டும். காட்டை வெட்டினால்தான் ரோடு. சாமி உத்தரவு இல்லாமல் வெட்ட முடியாது. அதற்காகப் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. நந்தியாவட்டை வெள்ளை என்றால் சாமிக்குச் சம்மதம். செவ்வரளி என்றால் மறுப்பு. வெள்ளையை ஒரு வாழையிலைத் துண்டிலும் சிவப்பை இன்னொரு துண்டிலும் வைத்து, பொட்டலமாக மடித்து வாழை நாரால் கட்ட வேண்டும். கட்டுகிறவள் பெருக்குகிற முறைக்காரி. எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போய்த் தனியாகக் கட்டுவாள். யாரும் பார்க்கக் கூடாது. இரண்டையும் மடியில் போட்டுக் குலுக்கிப் பூசாரியிடம் கொடுத்தால், அவர் சாமி முன்னால் வைப்பார். வயசுக்கு வராத ஒரு பெண்பிள்ளை வந்து ஒன்றை எடுக்கும். எடுக்காததைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிடுவார்கள். நினைவு தெரிந்த நாளாக அதை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. பூக்கட்டுகிறவளைச் சந்தேகப்படுவது சாமியைச் சந்தேகப்படுவதற்குச் சமம்.

முதல் வெள்ளிக்கிழமை கேட்டார்கள். சிவப்பு வந்தது.

பூசாரி தொண்டையைச் செருமினார். அவர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. "ரோடு போடலாமான்னு மொட்டையா கேட்டா சாமி இன்னா நெனைக்கும்? கும்பாபிசேகத்துக்கு ரோடு போடலாமான்னு வெவரமா கேக்கணும்" என்றார். அடுத்த வெள்ளி விவரமாகக் கேட்டார்கள். மறுபடியும் சிவப்பு.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. கேள்வியில் தப்பு, நேரத்தில் தப்பு, அன்றைக்குக் கரிநாள் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். பூசாரி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அண்ணி, ஒரு தடவ சொன்னா அது சாமி. ரெண்டு தடவையும் அதையே சொன்னா அது யாருன்னு பாக்கணும்ல" என்றார். கொழுந்தன் கேலி என்று விட்டுவிட்டேன். அது கேலி இல்லை என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். பெரிய மகன் வந்து கதவருகில் நின்றான். எதையாவது கேட்க வேண்டும் என்றால் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நிற்பான்.

"எம்மா, ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா?"

"சொன்னாத்தான தெரியும்."

"சாமி வேணாங்குதா, கெழவி வேணாங்குதான்னு கேக்கறாங்க. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்ப வச்சி கட்டிட்டியாம். அந்தக் குருவிக்காரப் பொண்ணு உன் மனச கெடுத்துட்டுப் போயிட்டாளாம்."

கஞ்சி என் கையில் கொட்டியது. எனக்கு அது சுடவில்லை. "நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் இன்னா சொல்ல முடியும்? நான் பாத்தனா?"

என் மகன். வயிற்றில் சுமந்து பெற்றவன். நான் பாத்தனா என்று கேட்டான். அவன் பெண்டாட்டி அம்மியடியில் குனிந்தபடியே, "அத்த அப்பிடி செய்யறவுங்க இல்ல" என்று முணுமுணுத்தாள். வந்தவளுக்கு இருந்த நம்பிக்கை பெற்றவனுக்கு இல்லை.

நான் அப்படிச் செய்யவில்லை. இரண்டு தடவையும் ஒழுங்காகத்தான் கட்டினேன், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன். ஆனால் முப்பத்தெட்டு வருஷம் பெருக்கிய கையை ஊரே திருட்டுக் கை என்று பேசிவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. மூன்றாவது வெள்ளி, பொட்டலம் கட்டக் கோயிலுக்குப் பின்னால் போனேன். தட்டில் நந்தியாவட்டை இருந்தது, செவ்வரளி இருந்தது. இப்போதும் சிவப்பு வந்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். வெள்ளை வந்தால் எல்லார் வாயும் மூடிவிடும் என்று யோசித்தேன். காட்டை நினைக்கவே இல்லை. ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வெட்டினால் என்ன ஆகிவிடும் என்று ஓரத்தில் ஒரு எண்ணம் வந்து போனதோ என்னவோ.

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன். செவ்வரளியைக் கசக்கி முந்தியில் முடிந்துகொண்டேன்.

இது ஒருவருக்கும் தெரியாது. இப்போது எழுதும்போதுதான் முதன்முதலாக வெளியே வருகிறது.

வெள்ளை என்றதும் குலவை போட்டார்கள். மகன் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். எங்க அம்மாளைப் போய்ச் சந்தேகப்பட்டீங்களே என்கிற பார்வை. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வாயில் எச்சில் கசக்கிறது. பொய்யாகக் கட்டியதுகூட அதற்கு அடுத்ததுதான். அந்தச் சந்தோஷம்தான் முதல் அசிங்கம்.

ஜேசிபி வந்தது. எல்லைக் கல்லருகே நின்று நான் பூசாரியைக் கேட்டேன். "இரும்பு உள்ள போவக் கூடாதே. இது இன்னா, மாவுல செஞ்சதா?"

"அருவாதான் அண்ணி கூடாது. இது டயர்ல வருது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வண்டி ஓட்டுகிறவன் எங்கிருந்தோ வந்தவன், மரியாதை தெரிந்தவன். இறங்கிச் செருப்பைக் கல்லருகே விட்டான். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு ஏறி உட்கார்ந்து, வெறுங்காலால் மிதித்து வண்டியைக் காட்டுக்குள் விட்டான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களைப் பார்த்துத்தான் குமட்டியது.

ஒரு வண்டி அகலம் என்றார்கள். இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். அகலம் இரண்டு பங்கானது. கார் திருப்ப இடம் வேண்டும் என்று கோயில் முன்னால் ஒரு களம் அளவுக்கு வழித்தார்கள். கரண்டுக் கம்பி போக இன்னும் கொஞ்சம். உலக்கைப்பாலை வேரோடு சாயும்போது பால் வழிந்தது. நாலு நாள் அந்த வாசனை என் தலைமயிரிலிருந்து போகவில்லை, எத்தனை சீயக்காய் போட்டும். தெற்கே ஒரு துண்டு, வடக்கே ஒரு துண்டு. நடுவில் வெயில்.

நான் பெருக்குவதை நிறுத்தவில்லை. இப்போது பெருக்க இலை இல்லை, ஜல்லித் தூசிதான். வேலை முடித்து வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். தெற்கேயிருந்து ஜமா வருகிற சத்தம் கேட்டது. தவிட்டுக்குருவிகள் ஓரம் வரைக்கும் வந்தன. கடைசிப் புதரில் நின்று வெளியே எட்டிப் பார்த்தன. கரிச்சான் மட்டும் நேராகப் பறந்து புதுக் கரண்டுக் கம்பியில் போய் உட்கார்ந்து கூப்பிட்டான். அவனுக்கென்ன, வெட்டவெளியும் ஒன்றுதான், காடும் ஒன்றுதான். மஞ்சள் குருவி ஒன்று பாதி தூரம் வந்துவிட்டு, அடித்துத் துரத்தியது போலத் திரும்பியது. மற்றவை கிளம்பவே இல்லை. கொஞ்ச நேரம் கத்திவிட்டு வந்த வழியே போய்விட்டன.

இன்றைக்குப் புதுசு, நாளைக்குப் பழகிவிடும் என்று நினைத்தேன். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. மலைக் குருவிதான் கோழை என்று அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது என் காதிலேயே வந்து விழுந்தது. மழை வந்து போன பிறகு தெற்குத் துண்டில் தவிட்டுக்குருவி மட்டும் இருந்தது. வடக்கே மரங்கொத்தி இல்லை, நெருப்பு வயிறு இல்லை. சின்னான் அங்கே ஒன்று இங்கே ஒன்று. கரிச்சான் இரண்டுக்கும் நடுவே கம்பியில் தனியாக உட்கார்ந்து, யாருமே கேட்காத வைரிக் குரலைக் கொடுத்துக்கொண்டிருந்தான். திருடுவதற்குக்கூட ஆள் இல்லை.

2009 தையில் கும்பாபிஷேகம். நான் அன்றைக்குப் பார்த்ததை எழுதவே கை கூசுகிறது. மிச்சம் நின்ற வீரை மரத்தில் என் மகன் கும்பிடுகிற படம் போட்ட ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கட்டியிருந்தார்கள் என்றா சொன்னேன்? ஆணி அடித்திருந்தார்கள். ஊக்கைக் கழற்றிவிட்டு நான் நுழைகிற இடத்தில் விரல் நீளத்துக்கு நாலு ஆணி. மரத்திலிருந்து செந்நீர் வடிந்து படத்தில் அவன் நெற்றியில் இறங்கியிருந்தது. மூன்று நாள் அன்னதானம். நாலாம் நாள் விடியலில் போனால் காட்டோரம் முழுக்கப் பிளாஸ்டிக் கப், சாம்பார் ஒட்டிய இலை, உள்ளே புதர் மறைவில் மனுஷ மலம். சாமி இருக்கிற காட்டில், அதுவும் சாமிக்காகவே வந்தவர்கள். நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாந்தி எடுத்தேன். மருமகள் வந்துதான் கைத்தாங்கலாக அழைத்துப்போனாள்.

"வயசாயிடுச்சி அத்த, வெயில்ல வராதீங்க" என்றாள்.

"வெயிலு இல்லடி இது" என்றேன்.

அந்த வருஷமே வடக்குத் துண்டில் மரங்கள் நின்றபடியே காய ஆரம்பித்தன. குனிந்து பார்த்தால் அடிமரத்தில் ஓட்டை. ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. மரம் தானாகக் காய்ந்தால் எடுக்கலாம், அதற்கு உத்தரவு வேண்டாம், அல்லவா. நான் கடலூருக்குப் பஸ் ஏறினேன். திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள். கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் மளமளவென்று எழுதிப் படித்துக் காட்டினார். "சாமியின் உத்தரவு இல்லாமலேயே காடு அழிக்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது.

"அப்பிடியா சொன்னேன்?" என்று கேட்டேன்.

"இல்லன்னா மனு நிக்காதும்மா. உத்தரவு வாங்கித்தான் ஊரே வெட்டுச்சின்னா எவன் கேப்பான்?"

வரிசையில் நின்றேன். வாங்குகிறவர் மனுவைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து இல்லையே" என்றார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உத்தரவு வந்ததா, வரவில்லையா? வரவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அதைச் சொன்னால் யார் கொடுத்த உத்தரவு என்று கேட்பார்களே. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள்.

"போடத் தெரியாதா பாட்டி? மை டப்பா இருக்கு, கைநாட்டு வைங்க."

என் பேரை நான் எழுதுவேன். ஐம்பது வயதுக்கு மேல் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கக் கற்றது. அதை அவரிடம் சொல்லவில்லை. கைநாட்டுக்காரி என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று மனுவை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஊர் வரும் வரைக்கும் பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த மனுவை அடுப்பில் போட்டேன்.

2011 கடைசியில் அந்தப் புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் முந்திரி, பலா எதுவும் மிஞ்சவில்லை, அது எல்லாருக்கும் தெரியும். கோயில் காடு இதற்கு முன்னால் எத்தனையோ புயல் பார்த்தது. கிளை ஒடியும், மரம் விழாது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்ற காடு. இந்த முறை காற்று ரோடு வழியாக உள்ளே புகுந்தது. இரண்டு பக்கமும் ஓரத்து மரங்கள் உள்பக்கமாகச் சாய்ந்தன, அவை பின்னால் நின்றதைச் சாய்த்தன. தெற்குத் துண்டு போய்விட்டது. வடக்கே பாதி நிற்கிறது. கோபுரத்துக்கு ஒரு கீறல் இல்லை. சாமி காப்பாற்றிவிட்டது என்று பூசாரி சொன்னார். நான் எச்சிலை விழுங்கிக்கொண்டேன்.

இப்போது அந்தப் பாதித் துண்டைச் சமன்படுத்திக் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்கிறார்கள். போன மாசம் மகன் வந்தான். இந்த முறை கதவருகில் நிற்கவில்லை, உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஆடி மொத வெள்ளி பூ கட்டணும்மா. நீ கட்டுனாத்தான் ஊரு ஒத்துக்கும். அன்னிக்கி உன்னய சந்தேகப்பட்டதுக்கே எல்லாருக்கும் வெக்கம்."

"அதுல குருவி ஏதும் இருக்குதாடா?"

"எதுல?"

"அந்தத் துண்டுல."

"இன்னும் நீ குருவிய உடலயா?" என்று சிரித்தான். நல்ல பிள்ளைதான். எனக்கு மாத்திரை வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். இரண்டு சின்னான், நாலைந்து தவிட்டுக்குருவி. ஜமா என்று சொல்ல முடியாது, ஆனால் சேர்ந்துதான் மேய்கின்றன. கரிச்சானும் இருக்கிறான். இதுகளுக்கு ஒதுங்க இனி வேறு இடம் கிடையாது. கட்ட மாட்டேன் என்று நான் வீட்டில் உட்கார்ந்துகொண்டால் வேறு ஒருத்தி கட்டுவாள். சிவப்பு வந்தால் மறுபடி கேட்பார்கள், வெள்ளை வருகிற வரைக்கும் கேட்பார்கள். மூன்றாவது தடவை கேட்டால் கிடைக்கும் என்று இந்த ஊருக்குப் பழக்கிக் கொடுத்தவள் நான்தான். அதைப் பழக்கியவளே போய் உடைத்தால்தான் உண்டு.

அதனால் இதை எழுதினேன். வெள்ளிக்கிழமை பூத்தட்டை என் கையில் கொடுப்பார்கள். கோயிலுக்குப் பின்னால் போக மாட்டேன். முன்னாலேயே நின்று, முதலில் இதைப் படிக்கச் சொல்வேன். வாயால் சொன்னால் பாதியில் மகன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிடுவேன், அல்லது பூசாரி ஒரு கேலி பேசிச் சிரிக்கவைத்துவிடுவார். காகிதம் யார் முகத்தையும் பார்க்காது. பெருக்குகிற முறை அன்றோடு போய்விடும். போகட்டும், வேறு யாராவது ஜல்லித் தூசியைப் பெருக்கட்டும். என்னைப் பார்த்து ஊர் துப்பும். நான் ஐந்து வருஷமாகத் துப்பிக்கொண்டிருப்பதை அவர்களும் ஒரு நாள் துப்பட்டும்.

பெரிய மகனின் மகள், என் பேத்தி, சிதம்பரத்திலிருந்து வந்திருக்கிறாள், காலேஜ் லீவு. அவள்தான் அன்றைக்குப் படிக்க வேண்டும். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

"கண்ணு, இங்க வா. இந்த நோட்ட எடு. மொதல்லேர்ந்து சத்தமா படி. நடுவுல உங்கப்பன் பேச்சு வரும், ஆயா செஞ்ச அசிங்கமும் வரும். அந்த எடத்துல கொரல தாழ்த்தாத. எதையாச்சும் நான் பூசி மெழுகி எழுதியிருந்தா நிறுத்திச் சொல்லு, அடிச்சிட்டு மறுபடி எழுதறேன். வெள்ளிக்கெழமைக்கு இன்னும் ஒம்போது நாளு கெடக்குது. ம், படி."